எழுவதற்கு முன் ஒரு மாத்திரை

காலை 5.30 மணிக்கு அலாரம் அடிக்கும். கண்ணைத் திறக்காமலே கையை நீட்டித் தலைமாட்டில் இருக்கும் டப்பியை எடுப்பேன். 10 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன், இரண்டு மடக்குத் தண்ணீர். அதன்பின் அரை மணி நேரம் அப்படியே படுத்திருப்பேன். கால் தரையில் படுவது அதற்குப் பிறகுதான். 7 வருடங்களாக இப்படித்தான் என் நாள் தொடங்குகிறது.

உங்களுக்கு இந்த வேலையை அட்ரினல் என்ற இரண்டு சுரப்பிகள் தூக்கத்திலேயே முடித்து வைத்துவிடுகின்றன. பின்னிரவு 3 மணி வாக்கில் ரத்தத்தில் கார்டிசால் என்ற ஹார்மோன் (என் மாத்திரையில் இருப்பதும் அதுதான்) ஏறத் தொடங்குகிறது. விழிக்கும் நேரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், பகல் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, நள்ளிரவில் அடிமட்டத்தைத் தொடுகிறது. காலையில் எழுந்து நிற்கிறோமே, அந்தத் தெம்பு முந்தைய இரவிலேயே தயாராகிவிடுகிறது. அது தயாராகாத உடம்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு வருடத்துக்கும் மேல் அப்படி ஓர் உடம்போடு நடமாடினேன்.

அதைச் சோர்வு என்று சொன்னால் போதாது. சோர்வு தூங்கினால் போகும். இது தூங்கி எழுந்தபோதுதான் மோசமாக இருக்கும். காலையில் குமட்டும். உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டும். எட்டுப் படி ஏறினால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிற்பேன். 9 கிலோ குறைந்தேன். பார்த்தவர்கள் இளைத்துவிட்டதைப் பாராட்டினார்கள். உப்பின் மேல் எனக்கு ஒரு வெறியே வந்திருந்தது. உப்பு ஜாடிக்குள் விரலை விட்டு நக்கிக்கொண்டிருப்பேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. நோயின் அறிகுறியாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நிறமும் மாறிக்கொண்டிருந்தது. முகம் கறுத்ததை வெயில் என்று விட்டுவிட்டோம். தம்பிதான் ஒருநாள் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். "என்னக்கா இது, ரேகை எல்லாம் மை தடவின மாதிரி இருக்கு?" உள்ளங்கையில் வெயில் படாதே என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். விரல் முட்டிகள், பழைய தழும்பு, ஈறு எல்லாம் கறுத்திருந்தன.

அந்தச் சமயத்தில் ஒரு ரத்தப் பரிசோதனையில், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். 7 என்று வந்தது. மேல் வரம்பு 4 சொச்சம். தைராய்டு குறைவு என்று தைராக்சின் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சோர்வாக வரும் பெண்ணிடம் முதலில் தைராய்டைப் பார்ப்பது இயல்புதான். ஆனால் எனக்கு அந்த மாத்திரை கேடாகிவிட்டது. கார்டிசால் குறைந்தாலே டி.எஸ்.எச். கொஞ்சம் கூடலாம். அது தெரியாமல் தைராக்சினை மட்டும் கொடுத்தால், உடம்பு வேகமெடுத்து, மிச்சம் இருக்கும் கார்டிசாலையும் சீக்கிரம் கரைத்துவிடும். மாத்திரை தொடங்கிய மூன்றாவது வாரம் நான் விழுந்தேன்.

சாதாரணக் காய்ச்சல், இரண்டு முறை வாந்தி, அவ்வளவுதான். தம்பி என்னைத் தூக்கிக்கொண்டுதான் அவசரப் பிரிவுக்குப் போனான். ரத்த அழுத்தம் 78/50. சோடியம் 119. அது 135க்குக் கீழே போகக் கூடாது. பொட்டாசியம் 5.9, இருக்க வேண்டியதைவிட அதிகம். பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்றியும் அழுத்தம் சரியாக ஏறவில்லை. பணியில் இருந்த டாக்டர் வயதில் சின்னவர். வாயைத் திறக்கச் சொல்லிக் கன்னத்தின் உட்புறத்தைப் பார்த்தார். "உள்ளங்கையைக் காட்டுங்கம்மா" என்றார். பிறகு தம்பியைக் கேட்டார்: "இவங்க உப்பு நிறைய சாப்பிடுவாங்களா?" அதுவரை யாரும் கேட்காத கேள்வி. எனக்கு அந்த நிலையிலும் அழுகை வந்தது.

கார்டிசாலும், அதைச் சுரக்கச் சொல்லும் ஏசிடிஎச் ஹார்மோனும் பார்ப்பதற்கு ரத்தம் எடுத்தார். முடிவு வரும்வரை காத்திருக்கவில்லை. 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் ஊசியை உடனே போட்டார். "நான் நினைக்கிறது தப்பா இருந்தா இந்த ஒரு ஊசியால பெருசா ஒண்ணும் ஆயிடாது. சரியா இருந்து போடாம விட்டா உயிர் போயிடும்" என்று தம்பியிடம் சொன்னாராம். விடிவதற்குள் நான் எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றேன். கார்டிசால் முடிவு பிறகுதான் வந்தது: டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராம். அவ்வளவு பெரிய நெருக்கடியில் இருக்கும் உடம்பில் அது பத்து மடங்குக்கும் மேல் இருந்திருக்க வேண்டும். ஏசிடிஎச் அதற்கு நேர்மாறாக, இயல்பைவிடப் பல மடங்கு எகிறியிருந்தது.

பாடப் புத்தகத்தில் அண்ணீரகச் சுரப்பி என்று படித்திருப்போம். ஆஸ்பத்திரியில் எல்லோரும் அட்ரினல் என்றுதான் சொல்வார்கள். ஒவ்வொரு சிறுநீரகத்தின் உச்சியிலும் ஒன்று, குல்லாய் கவிழ்த்தது போல. வலது பக்கத்துச் சுரப்பி முக்கோணமாகவும் இடது பக்கத்தது பிறை போலவும் இருக்கும். ஒவ்வொன்றும் 4 அல்லது 5 கிராம். சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறதே தவிர, சிறுநீர் பிரிக்கும் வேலையில் அதற்கு நேரடிப் பங்கு இல்லை. வெளியே புறணி, உள்ளே அகணி என்று இரண்டு உறுப்புகள் ஒரே உறைக்குள் இருப்பது போன்ற அமைப்பு. புறணியில் மூன்று அடுக்குகள். மேல் அடுக்கு ஆல்டோஸ்டிரோன் சுரக்கிறது, நடு அடுக்கு கார்டிசால், கீழ் அடுக்கு பாலியல் ஹார்மோன்களுக்கு மூலப்பொருள். மூன்றும் கொலஸ்ட்ராலிலிருந்துதான் தயாராகின்றன. அகணியின் சரக்கு வேறு, அட்ரினலினும் நார்அட்ரினலினும்.

கார்டிசாலை 'மன அழுத்த ஹார்மோன்' என்று சொல்லிச் சொல்லி அதற்குக் கெட்ட பெயர் வந்துவிட்டது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. சாப்பிடாத நேரத்தில் கல்லீரலைச் சர்க்கரை செய்ய வைப்பது அதுதான். நோய் எதிர்ப்பு மண்டலம் கட்டுமீறிப் போகாமல் பிடித்துவைப்பதும் அதுதான். ரத்தக் குழாய்கள் அட்ரினலினுடைய பேச்சைக் கேட்டு இறுகுவதற்கும் கார்டிசாலின் துணை வேண்டும். எனக்கு சலைன் மட்டும் ஏற்றியபோது அழுத்தம் ஏறாததற்கு இதுவும் ஒரு காரணம். குழாய்க்குள் தண்ணீர் இருந்தது. குழாய் இறுகவில்லை.

கார்டிசால் எவ்வளவு வேண்டும் என்பதைச் சுரப்பி தானாக முடிவு செய்வதில்லை. மூளையின் ஹைப்போதலாமஸ் கேட்கிறது, அதற்குக் கீழே தொங்கும் பிட்யூட்டரி ஏசிடிஎச் என்ற ஹார்மோனை அனுப்புகிறது, அட்ரினல் சுரக்கிறது. ரத்தத்தில் கார்டிசால் போதுமான அளவு ஏறியதும் மேலே இருக்கும் இரண்டும் அடங்கிவிடும். என் அட்ரினலிலிருந்து பதில் வரவில்லை. அதனால் பிட்யூட்டரி மேலும் மேலும் கத்திக்கொண்டிருந்தது. என் உள்ளங்கை கறுத்ததன் ரகசியம் இதில்தான் இருக்கிறது. ஏசிடிஎச் அளவுக்கு மீறினால் தோலில் நிறமி செய்யும் செல்களையும் தூண்டிவிடும். என் கை ரேகையில் இருந்த மை, பிட்யூட்டரி எழுதிக்கொண்டே இருந்த புகார்.

இதிலிருந்தே இன்னொன்றும் விளங்கும். பிட்யூட்டரியே பழுதாகிக் கார்டிசால் குறைந்தவர்களுக்குத் தோல் கறுக்காது. உப்பு வெறியும் பெரும்பாலும் இருக்காது. ஏனென்றால் ஆல்டோஸ்டிரோனுக்கு வேறு எஜமான். சிறுநீரகத்தில் தொடங்கும் ரெனின், ஆஞ்சியோடென்சின் என்ற வேதிப்பொருட்களின் தொடர்தான் அதை முக்கியமாக நடத்துகிறது. சோடியத்தைத் தடுத்து நிறுத்தி, பொட்டாசியத்தை வெளியே தள்ளச் சொல்லிச் சிறுநீரகத்துக்குக் கட்டளையிடுவது ஆல்டோஸ்டிரோன். அது இல்லாவிட்டால் உப்பு ஒழுகும், உப்போடு தண்ணீரும் போகும், எழுந்து நின்றால் கண் இருட்டும். ஜாடிக்குள் விரல் விட்டபோது என் உடம்பு இழந்ததைத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

எனக்கு வந்தது அடிசன் நோய். தாமஸ் அடிசன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1855இல் இதை விவரித்தார். மறு வருடமே பிரௌன்-செக்கார் என்ற ஆய்வாளர் விலங்குகளில் இந்தச் சுரப்பிகளை அகற்றிப் பார்த்து, இவை இல்லாமல் உயிர் தங்காது என்று காட்டினார். ஆனால் மருந்து கிடைக்க இன்னும் ஏறக்குறைய நூறு வருடம் ஆனது. புறணி ஹார்மோன்களைப் பிரித்தறிந்ததற்காக கெண்டல், ரைக்ஸ்டைன், ஹென்ச் மூவருக்கும் 1950இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அதற்கு முன் இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் சில வருடங்களில் இறந்துபோனார்கள். மருந்து வந்த பிறகு இதே நோயோடு ஜான் கென்னடி அமெரிக்க அதிபராக இருந்தார். சில நாட்களில் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு இவர்களை நினைத்துக்கொள்வேன்.

காரணம் என்னவென்று தேடினார்கள். காசநோய் அட்ரினலை அரித்துவிடும். அடிசன் காலத்தில் அதுதான் முக்கியக் காரணம், காசநோய் நிறைய இருக்கும் இடங்களில் இன்றைக்கும் அதை விலக்காமல் மேலே போக மாட்டார்கள். எனக்கு ஸ்கேனில் அப்படி எதுவும் இல்லை. என் எதிர்ப்பு மண்டலமே சுரப்பியைத் தாக்கியிருந்தது. புறணியில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்த பிறகுதான் அறிகுறிகள் தெளிவாகத் தெரியுமாம். அவ்வளவு காலம் மிச்சத்தை வைத்துக்கொண்டு அது சமாளித்திருக்கிறது. ஹைட்ரோகார்டிசோன் தொடங்கிச் சில மாதங்களில் டி.எஸ்.எச். தானாக இறங்கிவிட்டது. தைராக்சினை நிறுத்திவிட்டார்கள்.

அட்ரினலின் என்ன ஆயிற்று என்று பலர் கேட்பார்கள். அகணி எனக்கு அழியவில்லை. ஆனால் நார்அட்ரினலினை அட்ரினலினாக மாற்றும் நொதிக்கு, புறணியிலிருந்து செறிவாக ஒழுகி வரும் கார்டிசால் வேண்டும். அதனால் எனக்கு அட்ரினலினும் குறைவுதான். அதற்கு மாத்திரை இல்லை, பெரும்பாலும் தேவைப்படுவதும் இல்லை. நரம்பு முனைகள் நார்அட்ரினலினைத் தாங்களே சுரந்து சமாளித்துக்கொள்கின்றன.

இப்போது என் கணக்குக்கு வருகிறேன். எழும் முன் 10, மதியம் 5, மாலை 4 மணிக்கு 5. மொத்தம் 20 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன். ஒவ்வொருவருக்கும் இது மாறும், என் அளவை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ரத்தத்தில் இந்த மருந்து ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும், அதனால்தான் பிரித்துப் பிரித்துப் போடுகிறோம். முதல் வருடம் நான் மாலை மாத்திரையை மறந்துவிட்டு இரவு 9 மணிக்குப் போடுவேன். தூக்கம் வராது. மறுநாள் அந்தக் களைப்புக்குக் கூடுதலாக இன்னொன்று போட ஆசை வரும். அந்த ஆசையைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கூடுதல் மாத்திரை போட்ட நாள் நன்றாக இருக்கும். அதையே வழக்கமாக்கினால் முகம் உருண்டு, எலும்பு தேய்ந்து, சர்க்கரை ஏறி, தோல் காகிதம் போலாகும். எனக்கு ஆறே மாதத்தில் முகம் ஊதியது. டாக்டர் என்னைத் திட்டவில்லை. தினமும் எத்தனை மணிக்கு எத்தனை போட்டேன் என்று இரண்டு வாரம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். எழுதிப் பார்த்ததும் எனக்கே விளங்கிவிட்டது.

ஆல்டோஸ்டிரோனுக்குப் பதிலாக ஃப்ளூட்ரோகார்டிசோன், காலையில் 100 மைக்ரோகிராம். இது சரியாக இருக்கிறதா என்று பார்க்க, படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் ரத்த அழுத்தம் எடுக்கச் சொல்லுங்கள். உட்கார வைத்து ஒரு முறை எடுத்துவிட்டு அனுப்பினால் போதாது. நான் ஒவ்வொரு முறையும் கேட்டு எடுத்துக்கொள்கிறேன். நன்றாக வேர்த்துக் கொட்டும் நாட்களில் உப்பும் தண்ணீரும் கூட்டிக்கொள்கிறேன்.

நல்ல நாட்களுக்கு இவ்வளவு போதும். உடம்பு சரியில்லாத நாளில்தான் சிக்கல். ஆரோக்கியமான சுரப்பி காய்ச்சல் வந்தால் கேட்காமலே பல மடங்கு சுரக்கும். என் மாத்திரைக்குக் காய்ச்சல் வந்தது தெரியாது, நான்தான் அதற்குச் சொல்ல வேண்டும். எனக்கு எழுதிக் கொடுத்த விதி இது: 38 டிகிரி செல்சியஸ் தாண்டினால் இரண்டு மடங்கு, 39 தாண்டினால் மூன்று மடங்கு, காய்ச்சல் விட்டதும் பழைய அளவு. வெறும் மூக்கொழுகலுக்குக் கூட்ட வேண்டாம். மாத்திரை போட்டு அரை மணிக்குள் வாந்தி வந்தால் மறுபடி போட வேண்டும். அதுவும் வெளியே வந்தால் 100 மில்லிகிராம் ஊசியைத் தொடையில் போட்டுக்கொண்டு நேராக ஆஸ்பத்திரி. பல் பிடுங்குவதானாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

விதி எனக்கு மனப்பாடம். அப்படியும் மூன்றாவது வருடம் தவறவிட்டேன். ஓர் இரவு வயிற்றுப்போக்கும் வாந்தியும். மாத்திரை இரண்டு முறையும் வெளியே வந்துவிட்டது. ஊசி மருந்து அலமாரியில் இருக்கிறது. கொஞ்சம் படுத்துவிட்டுப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அப்போது அது மிகவும் நியாயமான யோசனையாகப் பட்டது. கார்டிசால் இறங்கும்போது முதலில் மங்குவது தீர்மானிக்கும் திறமைதான் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மகளுக்கு அப்போது 13 வயது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாளாம், நான் ஏதோ சம்பந்தமில்லாத பதில் சொன்னேனாம். அவள் பயந்துபோய் மாமாவை அழைத்தாள். தம்பி வந்து ஊசி போட்டான். ஆஸ்பத்திரியில் வரிசையில் உட்காரச் சொன்னார்கள். 'ஸ்டீராய்டு சார்ந்து வாழ்பவர், தாமதம் உயிருக்கு ஆபத்து' என்று எழுதிய அட்டையை அவன் நீட்டினான். அதன்பிறகுதான் உள்ளே எடுத்தார்கள்.

அன்றிலிருந்து முடிவு என் கையில் இல்லை. இரண்டாவது வாந்தி வந்தால் வீட்டில் இருப்பவர் ஊசி போடலாம், நான் வேண்டாம் என்று சொன்னாலும் போட வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். அலமாரிக் கதவில் ஒட்டியும் இருக்கிறது. இந்த நோய் உள்ளவர்களிடம் நான் முதலில் கேட்பது மாத்திரை அளவை அல்ல, "ஊசி போடத் தெரிஞ்சவங்க உங்க வீட்ல எத்தனை பேர்?" என்பதைத்தான்.

அடிசன் நோய் அரிது. ஆனால் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள் எங்கும் இருக்கிறார்கள். மூச்சிரைப்புக்கு, மூட்டு வலிக்கு, தோல் நோய்க்கு என்று ப்ரெட்னிசோலோனை மூன்று நான்கு வாரங்களுக்கு மேல் சாப்பிட்டவருடைய பிட்யூட்டரி, வெளியிலிருந்துதான் வருகிறதே என்று ஏசிடிஎச் அனுப்புவதைக் குறைத்துவிடும். அட்ரினலும் வேலை இல்லாமல் சுருங்கிவிடும். அந்த நிலையில் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் எனக்கு நேர்ந்ததே அவருக்கும் நேரலாம். சுரப்பி பழைய நிலைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். அதிக அளவு இன்ஹேலர், மூட்டில் போடும் ஊசி, வீரியமான தோல் களிம்பு ஆகியவற்றாலும் இது நடக்கும். என்ன மருந்து என்றே எழுதாத பொடியில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் உண்டு, சாப்பிடுபவருக்கே தெரியாது. பக்கவிளைவுக்குப் பயந்து ஸ்டீராய்டை ஒரே நாளில் தூக்கி எறிந்தவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் படிப்படியாகக் குறைக்க வேண்டும், டாக்டர் எழுதிக் கொடுத்தபடி.

'அட்ரினல் களைப்பு' என்று சொல்லிச் சத்து மாத்திரை விற்கிறார்கள். அப்படி ஒரு நோயை ஹார்மோன் மருத்துவர்கள் ஏற்றுக்கொள்வதில்லை. களைப்பாக இருப்பவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. என் களைப்பையும் ஒரு வருடம் யாரும் நம்பவில்லை. சந்தேகம் இருந்தால் காலை 8 மணிக்குக் கார்டிசால் பாருங்கள். டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் கோளாறு ஏறக்குறைய உறுதி. இடைப்பட்டு இருந்தால் செயற்கை ஏசிடிஎச் ஊசி போட்டு அரை மணி, ஒரு மணி கழித்து மறுபடி பார்ப்பார்கள். சுரப்பி விழித்திருந்தால் அதில் தெரிந்துவிடும்.

போன மாதம் அலமாரியில் இருந்த ஊசி மருந்து காலாவதியானது. காலாவதியானதை நாங்கள் எறிவதில்லை, வருடா வருடம் அதை வைத்துத்தான் பயிற்சி. மகளுக்கு இப்போது 17 வயது. மூடியை உடைத்தாள், கரைசலைப் பொடியில் செலுத்தினாள், தெளிகிற வரைக்கும் மெதுவாகச் சுழற்றினாள், உறிஞ்சிக் காற்றை வெளியேற்றினாள், மடித்து வைத்த துண்டில் குத்தினாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1 நிமிடம் 40 விநாடி. புது மருந்தைப் பையில் வைத்துவிட்டு, அதன் காலாவதித் தேதியைத் தன் போனிலும் மாமாவின் போனிலும் குறித்துக்கொண்டாள்.